எடை போட்ட சர்வேயில் பி-மதிப்பு குழம்பும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

இரண்டு குழுக்களுக்கு இடையே தெரியும் வித்தியாசம் நிஜமா, சாம்பிளில் தற்செயலாக வந்ததா என்று பார்க்க டி-சோதனையும் கை-வர்க்கச் சோதனையும் போதும் என்று கல்லூரியில் படித்திருப்போம். தரவில் ‘எடை’ (ஒரு பதில் எத்தனை பேருக்காகப் பேசுகிறது என்ற எண்) என்று ஒரு நிரல் வந்து உட்கார்ந்தவுடன் அந்தப் படிப்பு பாதி செல்லாது. ஒரே தரவுக்கு மூன்று பேர் மூன்று பி-மதிப்பு கொண்டுவருவார்கள். (நிஜத்தில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி-மதிப்பு; 0.05-க்குக் கீழே வந்தால் ‘முக்கியம்’ என்பது வழக்கம்.) மூவருமே மென்பொருள் சொன்னதைத்தான் எழுதியிருப்பார்கள்.

இங்கே மனதில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். எடை, சதவீதத்தையும் சராசரியையும் சரிசெய்யும். அந்தச் சதவீதம் எவ்வளவு ஆடும் என்பதை எடை மட்டும் சொல்லாது. வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை ஊருக்குப் போனீர்கள், ஊருக்கு எத்தனை வீடு, எந்தப் பகுதியில் வேண்டுமென்றே கூடுதலாக எடுத்தீர்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அதைச் சொல்லும். மென்பொருளுக்கு இந்த இரண்டு தகவலும் போக வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, இரண்டாவது தகவல் போகாததால் வருபவை.

எனவே கணினியைத் திறக்கும் முன் தரவில் நான்கு நிரல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எடை, அடுக்கு (கடலோரம், உள்நாடு, நகரம் போன்ற பிரிவு), கொத்து (முதலில் தேர்ந்தெடுத்த ஊர் அல்லது வார்டு), ஒப்பிட வேண்டிய குழு. கொத்து நிரல் இல்லை என்றால் பதற வேண்டாம். படிவ எண்ணின் முதல் சில இலக்கங்களிலேயே ஊர்க் குறியீடு பெரும்பாலும் ஒளிந்திருக்கும். களப்பணிக்குப் போனவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை சர்வேயை வைத்துக்கொள்வோம்; எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. கன்னியாகுமரி மாவட்டத்தில் 4 லட்சம் வீடுகள் என்று கொள்வோம். அதில் 40,000 கடலோர மீனவ ஊர்களில், மீதி 3,60,000 உள்நாட்டில். விகிதப்படி 600 வீடு எடுத்தால் கடலோரத்துக்கு 60 வீடுதான் வரும், அதை வைத்து ஒன்றும் பேச முடியாது. அதனால் இரண்டு பக்கமும் 300, 300 என்று எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கமும் 15 ஊர், ஊருக்கு 20 வீடு. கேள்வி: கடந்த ஓராண்டில் வட்டிக்குக் கடன் வாங்கினீர்களா? கடலோரத்தில் 42 சதவீதம் ‘ஆம்’, உள்நாட்டில் 34 சதவீதம்.

எதை ஒப்பிட்டாலும் 0.000

“சாரே, எல்லாமே பூச்சியம் பூச்சியம் பூச்சியம்னு காட்டுது. நல்லதுதானே?” மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர்கள் இதைச் சிரித்த முகத்தோடுதான் கேட்பார்கள்.

நல்லதில்லை. வெளியீட்டில் ‘என்’ என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 600 இருக்க வேண்டிய இடத்தில் 4,00,000 இருந்தால் விஷயம் புரிந்துவிடும். உங்கள் கையில் இருப்பது விரிவாக்க எடை. நம் உதாரணத்தில் கடலோர வீடு ஒவ்வொன்றுக்கும் எடை 133.33, உள்நாட்டு வீட்டுக்கு 1,200. ‘இந்த ஒரு வீடு 1,200 வீடுகளுக்காகப் பேசுகிறது’ என்பது அதன் பொருள். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் ‘வெயிட் கேசஸ்’ பொத்தானோ அதை ‘இந்த மாதிரி 1,200 வீட்டில் நேரில் கேட்டோம்’ என்று எடுத்துக்கொள்கிறது. 600 வீட்டுக்குப் போய்விட்டு 4 லட்சம் வீட்டுக்குப் போன பலத்தோடு பேசினால் எந்த வித்தியாசமும் முக்கியமானதாகத்தான் தெரியும். நம் கணக்கில் 8 சதவீதப் புள்ளி வித்தியாசத்துக்குத் திட்டப்பிழை (சாம்பிளுக்குச் சாம்பிள் அந்த எண் ஆடும் அளவு) 0.26 புள்ளி, இசட் மதிப்பு (வித்தியாசத்தைத் திட்டப்பிழையால் வகுத்தது) 31-க்குப் பக்கம். சமூக ஆய்வில் இசட் 31 வந்தால் கொண்டாடுவதற்கு முன் தரவைச் சந்தேகப்பட வேண்டும்.

உடனடி வைத்தியமாக எல்லோரும் செய்வது, எடைகளைச் சராசரியால் வகுத்து, கூட்டுத்தொகை 600 வரும்படி மாற்றுவது. அதனால் பூச்சியம் போய்விடும். ஆனால் அடுத்த கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

எடையைச் சீராக்கியதும் வித்தியாசமே காணாமல் போகிறது

இந்த அறிகுறியில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதிகம் பேர் விழும் குழி இதுதான். முந்தையதைப் போல இது கண்ணை உறுத்தாது, அறிக்கையில் அப்படியே போய்விடும்.

சீராக்கிய பிறகு கடலோர வீட்டுக்கு எடை 0.2, உள்நாட்டு வீட்டுக்கு 1.8. கூட்டினால் 600, பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் மென்பொருள் இப்போது கடலோரத்தில் 60 வீடு, உள்நாட்டில் 540 வீடு என்று நினைக்கிறது. கடலோரத்தில் கூடுதலாக அலைந்து 300 வீடு எடுத்ததே அந்தப் பக்கத்தின் கணிப்பு உறுதியாக இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த உழைப்பை ஒரே சொடுக்கில் தூக்கிக் கடலில் போட்டாயிற்று.

நான்கு விதமாகக் கணக்கிட்டால் என்ன வரும் என்று பார்ப்போம். நான்கிலும் சதவீதம் மாறவில்லை: 42, 34, வித்தியாசம் 8.

விரிவாக்க எடையை எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால் இசட் சுமார் 31, பி-மதிப்பு 0.000.

சீராக்கிய எடையை எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால் திட்டப்பிழை 6.7 புள்ளி, இசட் 1.20, பி-மதிப்பு சுமார் 0.23.

எடையைச் சரியான பொருளில் எடுத்து, ஒவ்வொரு பக்கமும் நிஜமாகவே 300 வீடு என்று கொண்டால் திட்டப்பிழை 3.95 புள்ளி, இசட் 2.03, பி-மதிப்பு சுமார் 0.04.

அதோடு ஊர் என்ற கொத்தையும் சொன்னால்? ஒரே ஊரில் எடுத்த 20 வீடுகள் 20 தனித்தனிப் பதில்களைத் தருவதில்லை. மீன்பாடு குறைந்தால் ஊர் முழுக்க ஒரே மாதத்தில் கடன் வாங்கும். ரப்பர் ஷீட் விலை விழுந்தால் மலையோரத்தில் பால்வெட்டுக்குப் போகும் வீடுகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோலக் கை இறுகும். ஊருக்குள் இருக்கும் இந்த ஒற்றுமையை 0.05 என்று மிதமாக வைத்தாலே, வேறுபாட்டளவு (திட்டப்பிழையின் வர்க்கம்) 1 + (20 − 1) × 0.05 = 1.95 மடங்கு ஆகிறது. அதாவது 300 வீடு, தகவல் அளவில் சுமார் 154 வீட்டுக்குத்தான் சமம். திட்டப்பிழை 5.5 புள்ளி. 30 ஊர், 2 அடுக்கு, ஆக டிஎஃப் (சுதந்திரப் படி, இங்கே ஊர்களின் எண்ணிக்கையில் அடுக்குகளைக் கழித்தது) 28. டி மதிப்பு 1.45, பி-மதிப்பு சுமார் 0.16.

ஒரே 600 படிவங்களிலிருந்து 0.000, 0.23, 0.04, 0.16. அறிக்கையில் போக வேண்டியது கடைசி எண். இரண்டாவதும் கடைசியும் ‘முக்கியமில்லை’ என்ற ஒரே முடிவைத்தான் சொல்கின்றன என்று ஆறுதல் பட வேண்டாம். இரண்டாவது எண் தவறான காரணத்துக்காக அங்கே போயிருக்கிறது, அடுத்த கேள்வியில் வேறு பக்கம் இழுக்கும்.

சரிசெய்வது எப்படி? ஆர் மென்பொருளில் தாமஸ் லம்லி எழுதிய ‘சர்வே’ தொகுப்பைப் போட்டு, எஸ்விஒய்டிசைன் கட்டளையில் கொத்து, அடுக்கு, எடை மூன்றையும் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். அப்புறம் எஸ்விஒய்டிடெஸ்ட் கேட்டால் போதும். ஸ்டேட்டா மென்பொருளில் இதே வேலைக்கு எஸ்விஒய்செட் கட்டளை. எஸ்பிஎஸ்எஸ்ஸில் ‘காம்ப்ளெக்ஸ் சாம்பிள்ஸ்’ என்ற தனித் தொகுதி வேண்டும். அது உங்கள் கல்லூரி உரிமத்தில் இல்லை என்றால் ஆருக்கு மாறுங்கள், இலவசம். இந்தக் கட்டளைகளுக்கு விரிவாக்க எடையைக் கொடுத்தாலும் சீராக்கிய எடையைக் கொடுத்தாலும் பி-மதிப்பு ஒன்றேதான் வரும். நீங்கள் சரியான வழிக்கு வந்துவிட்டீர்களா என்று பார்க்க இது நல்ல பரிசோதனை: எடை எல்லாவற்றையும் 10-ஆல் பெருக்கி மறுபடி ஓட்டுங்கள். பி-மதிப்பு நகர்ந்தால் இன்னும் பழைய குழியில்தான் இருக்கிறீர்கள்.

எடையை ஏற்கவே மாட்டேன் என்கிறது

ஸ்டேட்டாவின் சாதாரண டிடெஸ்ட் கட்டளையில் எடை போட்டால் பிழை எண் 101 வரும், அனுமதியில்லை என்று. எண்ணிக்கை எடையை ஏற்கும் வேறு கட்டளைகளில் அப்படிக் கொடுத்தால், முழு எண்ணாக இல்லை என்று 401 வரும். அங்கேயே பலர் எடையை முழு எண்ணாக்கி, 0.2-ஐப் பூச்சியமாகவும் 1.8-ஐ 2 ஆகவும் மாற்றிவிட்டு மேலே போகிறார்கள். நம் உதாரணத்தில் அப்படிச் செய்தால் கடலோரம் முழுவதும் தரவிலிருந்து அழிந்துவிடும். கட்டளை மறுப்பது உங்களைக் காப்பாற்றத்தான்.

வழி எளிது. குழுவை 0, 1 என்று குறியிட்டு, எஸ்விஒய் முன்னொட்டோடு ரெக்ரஷன் ஓட்டுங்கள். குழுவின் கெழுவுக்கு (அதுதான் இரு குழுக்களின் வித்தியாசம்) பக்கத்தில் வரும் டி மதிப்பும் பி-மதிப்பும்தான் நீங்கள் தேடும் டி-சோதனை. ஆம்/இல்லை கேள்வி என்றாலும் சதவீத வித்தியாசத்துக்கு இதுவே போதும். எஸ்விஒய்செட் செய்ய நேரமில்லை என்றால், நிகழ்தகவு எடையோடு ரெக்ரஷன் ஓட்டி, திட்டப்பிழையை ஊர்க் கொத்துப்படி எடுக்கச் சொல்லுங்கள். அடுக்கின் பலன் கிடைக்காது, மற்றபடி பெரிய பழுது வராது.

திட்டப்பிழை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி

ஸ்டேட்டா புள்ளி வைக்கும். ஆர், இந்த அடுக்கில் ஒரே ஒரு கொத்துதான் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். ஓர் அடுக்கில் ஒரே ஊர் இருந்தால், ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட வழியில்லை, அவ்வளவுதான் காரணம்.

இது இரண்டு விதமாக வரும். ஒன்று, வடிவமைப்பிலேயே அப்படி. பேச்சிப்பாறை மேலே காணி பழங்குடிக் குடியிருப்புகளைத் தனி அடுக்காக வைத்து, அதில் ஒரே ஒரு குடியிருப்புக்குப் போயிருப்பார்கள். அப்போது பக்கத்து அடுக்கோடு, அதாவது மலையோர அடுக்கோடு, சேர்த்துவிடுவதே நேர்மையான வழி. எதோடு எதைச் சேர்த்தீர்கள் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆரில் ‘அட்ஜஸ்ட்’ என்ற தேர்வும், ஸ்டேட்டாவில் ‘சென்டர்டு’ என்ற தேர்வும் உண்டு. இரண்டும் அந்த ஊரை மொத்தச் சராசரியோடு ஒப்பிட்டுத் திட்டப்பிழையைச் சற்று தாராளமாகவே கணிக்கும். ‘செர்ட்டன்டி’ என்ற தேர்வை மட்டும் யோசிக்காமல் தொடாதீர்கள். அது அந்த அடுக்கின் ஆட்டத்தைப் பூச்சியம் என்று வைத்துவிடும்.

இன்னொன்று, நீங்களே வரவழைத்தது. அது அடுத்த அறிகுறி.

பெண்களை மட்டும் வடிகட்டினேன், அப்புறம் எல்லாம் மாறிவிட்டது

முந்திரி ஆலையில், நம் ஊர்ப் பேச்சில் அண்டியாபீஸில், வேலை செய்யும் பெண்களை மட்டும் எடுத்து கல்குளம், விளவங்கோடு வித்தியாசம் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். மற்றவர்களின் வரிகளை அழித்துவிட்டு ஓட்டினால், அப்படிப்பட்ட பெண்கள் ஒருவரும் இல்லாத ஊர்கள் தரவிலிருந்தே மறைந்துவிடும். அந்த ஊர்களும் தேர்வானவைதான்; அங்கே போய்த் தேடி ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒரு தகவல். அதை அழித்தால் கொத்துகளின் எண்ணிக்கை குறையும், திட்டப்பிழை மாறும், சில அடுக்குகளில் ஒரே ஊர் மிஞ்சி மேலே சொன்ன புள்ளி தலைகாட்டும்.

வரிகளை அழிக்காமல், முழுத் தரவில் வடிவமைப்பை முதலில் அறிவியுங்கள். பிறகு ஸ்டேட்டாவில் ‘சப்பாப்’ தேர்வு, ஆரில் வடிவமைப்புப் பொருளின் மேலேயே ‘சப்செட்’. வரிசை முக்கியம்: முதலில் வடிவமைப்பு, பிறகுதான் பிரிப்பு. சதவீதம் இரண்டு வழியிலும் ஒன்றாகவே வரும், அதனால்தான் இந்தத் தவறு பிடிபடுவதில்லை.

நம்பிக்கை இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, ஆனால் சோதனை வித்தியாசம் உண்டு என்கிறது

இதில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு பக்கம் 40, மறுபக்கம் 48, இரண்டுக்கும் திட்டப்பிழை 2.5 என்றால் 95 சதவீத இடைவெளிகள் 35.1 முதல் 44.9, 43.1 முதல் 52.9. மேலே ஏறத்தான் செய்கின்றன. ஆனால் வித்தியாசத்தின் திட்டப்பிழை இரண்டையும் கூட்டி வரும் 5 அல்ல, 3.54. இசட் 2.26, பி-மதிப்பு 0.024. கம்பிப் படத்தில் கோடுகள் உரசுகின்றனவா என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வித்தியாசத்துக்கே தனியாக இடைவெளி போட்டுக் காட்டுங்கள்.

ஆணும் பெண்ணும் என்று ஒப்பிடும்போது இன்னொரு நுட்பம் உண்டு. இரு குழுக்களும் அதே ஊர்களிலிருந்து வருவதால் ஊரின் நல்லதும் கெட்டதும் இருவரையும் சேர்ந்தே தூக்கும், சேர்ந்தே இறக்கும். அதனால் வித்தியாசத்தின் திட்டப்பிழை பெரும்பாலும் இன்னும் குறையும். இரண்டு சதவீதங்களையும் அட்டவணையிலிருந்து எடுத்துக் கால்குலேட்டரில் போட்டால் இது விட்டுப்போகும். வடிவமைப்பு தெரிந்த ரெக்ரஷன் தானே பார்த்துக்கொள்ளும்.

ஒரு பகுதியை மொத்தத்தோடு ஒப்பிடுவதும் இதே குடும்பத்துப் பிரச்சினைதான். நாகர்கோவிலை மாவட்டத்தோடு ஒப்பிட்டால், மாவட்டத்துக்குள்ளேயே நாகர்கோவிலும் இருக்கிறது. நாகர்கோவில், மாவட்டத்தின் மீதி என்று பிரித்து ஒப்பிடுங்கள்.

கை-வர்க்கம் கேட்டால் எஃப் மதிப்பு வருகிறது, டிஎஃப் தசமத்தில் வேறு

வரட்டும். புள்ளியியலாளர்கள் ராவ், ஸ்காட் இருவரும் 1981-லும் 1984-லும் கொடுத்த திருத்தம் அது. எடையும் கொத்தும் உள்ள அட்டவணைக்குச் சாதாரண கை-வர்க்கப் பரவல் பொருந்தாததால், மதிப்பைச் சுருக்கி எஃப் பரவலோடு ஒப்பிடுகிறார்கள். 2.74, 76.9 என்பதுபோல டிஎஃப் வந்தால் அப்படியே அறிக்கையில் எழுதுங்கள். வழிகாட்டி கேட்டால் இரண்டாம் நிலைத் திருத்தம் என்று சொல்லுங்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸின் சாதாரணக் கிராஸ்டேப் (குறுக்கு அட்டவணை) எடை போட்ட எண்ணிக்கைகளைக் கட்டத்துக்குக் கட்டம் முழு எண்ணாக்குவதால் மொத்தம் ஒன்றிரண்டு கூடக் குறைய வரும். அந்த வெளியீட்டின் கை-வர்க்கத்தை எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

ஒன்பது ஒன்றியங்களையும் ஒப்பிட்டேன், இரண்டு ஜோடி ‘முக்கியம்’ என்று வந்திருக்கிறது

அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டார், கிள்ளியூர், முஞ்சிறை, மேல்புறம். ஒன்பதை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டால் 36 சோதனை. எங்கேயும் வித்தியாசமே இல்லாவிட்டாலும் 0.05 அளவில் சராசரியாக 1.8 ஜோடி ‘முக்கியம்’ என்று வந்தே தீரும். உங்கள் கையில் இருப்பது இரண்டு. அதை வைத்து மேல்புறமும் தோவாளையும் வேறுபடுகின்றன என்று எழுதுவது அநியாயம்.

முதலில் ஒன்பதையும் சேர்த்து, எல்லாம் சமமா என்று பார்க்க ஒரே ஒரு வால்டு சோதனை. அதில் வித்தியாசம் தெரிந்தால் மட்டும் ஜோடிகளுக்குப் போய், பல சோதனை செய்வதை ஈடுகட்டும் ஹோம் திருத்தம் போடுங்கள். அதே வேலையைச் செய்யும் போன்ஃபெரோனி திருத்தத்தைவிட அது எப்போதும் சற்று இரக்கமுள்ளது. அதைவிட நல்லது, தரவைத் திறக்கும் முன்பே நான்கைந்து ஒப்பீட்டை மட்டும் எழுதிவைத்துக்கொள்வது.

இங்கே டிஎஃப் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ளும். ஒன்றியத்துக்கு 3 ஊர் என்றால் 27 ஊர், 9 அடுக்கு, டிஎஃப் 18. ஒன்பது குழுவுக்கான ஒட்டுமொத்தச் சோதனையில் மேல் டிஎஃப் 8 போக, ஸ்டேட்டா போடும் திருத்திய வால்டு சோதனையில் கீழே 18 − 8 + 1 = 11 தான் மிஞ்சும். இரண்டு ஒன்றியங்களை மட்டும் எடுத்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பின்னால் நிற்பவை வெறும் 6 ஊர்கள். டிஎஃப் 4-க்கு டி மதிப்பு 2.776-ஐத் தாண்ட வேண்டும், நமக்குப் பழகிப்போன 1.96 அங்கே உதவாது. வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. ஊர்களைக் கூட்ட வேண்டும். நிதி கேட்கும் கட்டத்திலேயே, ஊருக்கு 20 வீடு வேண்டாம், 10 போதும், ஊரை இரட்டிப்பாக்குங்கள் என்று சண்டை போடுங்கள். ஜீப் செலவு கூடும் என்பார்கள். கூடட்டும்.

ஒருவரை நீக்கினால் முடிவே தலைகீழ்

எடைகளை ஏறுவரிசையில் அடுக்கிக் கடைசிப் பத்தைப் பாருங்கள். அங்கே பூதம் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

நம் மாவட்டத்தில் அது எங்கிருந்து வரும் என்று ஊகிப்பது கடினமில்லை. தூத்தூர் வட்டாரத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார்கள். மற்ற ஊர்களில் இருபது, முப்பது வயதுக்காரர்களில் கணிசமான பேர் வளைகுடாவில். பகலில் வீட்டுக்கதவைத் தட்டும் களப்பணியாளருக்கு அந்த வயது ஆண் அபூர்வமாகத்தான் கிடைப்பார். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து மக்கள்தொகைக் கணக்கின் வயது, பால் விகிதத்துக்கு எடையைப் பொருத்தும்போது, கிடைத்த அந்த ஒரு பையன் இல்லாத எல்லோருக்காகவும் பேச வேண்டியதாகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: வீட்டில் இருந்ததால்தான் அவர் அகப்பட்டார். கடலில் இருப்பவரும் துபாயில் இருப்பவரும் அவரைப் போலவே பதில் சொல்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கணக்கெடுப்பு சாதாரணமாக இங்கே வசிப்பவரை எண்ணுகிறது என்பதால், வளைகுடாக்காரரை உங்கள் இலக்கில் சேர்த்தீர்களா என்பதையும் முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

எவ்வளவு சேதம் என்று அளக்க புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் கொடுத்த எளிய வாய்பாடு இருக்கிறது: எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, எடைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 100 பேரில் 99 பேருக்கு எடை 1, ஒருவருக்கு 21 என்று வையுங்கள். கூட்டுத்தொகை 120, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 540. 14,400-ஐ 540-ஆல் வகுத்தால் 26.7. நூறு பேரைக் கேட்டுவிட்டு இருபத்தேழு பேரைக் கேட்ட பலம்தான் மிஞ்சுகிறது, அந்த ஒருவர் மட்டும் 17.5 சதவீத முடிவைத் தூக்கிச் சுமக்கிறார்.

ஆளை நீக்கிவிடாதீர்கள், அது தரவில் கைவைப்பது. வயதுப் பிரிவுகளை அகலமாக்கிச் சேர்த்து எடையை மறுபடி போடுங்கள். போதவில்லை என்றால் ஒரு வரம்பு வைத்து எடையை வெட்டி, வெட்டிய பகுதியை மற்றவர்களுக்குப் பகிர்ந்துவிடுங்கள். நடு எடையைப் (மீடியன்) போல ஐந்து மடங்கு என்பது பலரும் வைக்கும் வரம்பு. அதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. வெட்டாமல் வந்த முடிவையும் வெட்டிய பிறகு வந்த முடிவையும் அருகருகே கொடுங்கள்.

சில வீடுகளுக்கு எடையே இல்லை

தாலுகா பெயரைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பு அட்டவணையில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கே தாலுகா. இன்றைய படிவத்தில் கிள்ளியூரும் திருவட்டாரும் சேர்ந்து ஆறு. புதியவை இரண்டும் கல்குளம், விளவங்கோட்டிலிருந்து பிரிந்தவை என்பதால் பழைய அட்டவணையில் அவற்றுக்கு ஜோடி கிடைக்காது, எடை வெற்றாகிவிடும். ஊர் அளவில் பழைய தாலுகாவுக்குத் திருப்பிக் குறியிடுங்கள். எஸ்பிஎஸ்எஸ் எடையில்லாத வரிகளை ஓரமாக ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டு விட்டுவிடும். அதைக் கவனிக்காமல் போனால் மேற்குப் பகுதியில் ஒரு பெருந்துண்டு கணக்கிலேயே இருக்காது.

அரசுத் தரவை இறக்கினேன், எடை லட்சக்கணக்கில் இருக்கிறது

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்றால் பெண்கள் கோப்பில் வி005 என்ற நிரல்தான் எடை. அதை 10,00,000-ஆல் வகுக்க வேண்டும். ஆறு தசம இடம் புள்ளியில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. கொத்துக்கு வி021, அடுக்குக்கு வி022 அல்லது வி023. எந்தச் சுற்றில் எது என்று அந்தச் சுற்றின் கையேடு சொல்லும். 2019–21-இல் நடந்த ஐந்தாம் சுற்று 707 மாவட்டங்களை எடுத்தது, ஒரு கொத்தில் தேர்ந்தெடுத்த வீடு 22. ஆக, மேலே சொன்ன ஊர்க் கொத்துப் பிரச்சினை அப்படியே இங்கேயும் உண்டு. மாவட்ட உண்மைத்தாளில் (ஃபேக்ட் ஷீட்) இருக்கும் சதவீதங்களை எடுத்து, கன்னியாகுமரி, திருநெல்வேலி என்று கழித்துப் பார்த்துவிட்டு ‘முக்கியமான வித்தியாசம்’ என்று எழுதுபவர்கள் நிறைய. அந்தத் தாளில் திட்டப்பிழை கிடையாது. அலகுத் தரவை (ஒவ்வொரு வீட்டின், ஆளின் பதிலும் உள்ள மூலக் கோப்பை) இறக்கித்தான் ஆக வேண்டும்.

தேசிய மாதிரி ஆய்வின் பழைய சுற்றுகள் பலவற்றில் பெருக்கியை (அங்கே எடைக்கு அதுதான் பெயர்), என்எஸ்எஸ், என்எஸ்சி என்ற இரண்டு நிரலும் சமமாக இருந்தால் 100-ஆலும், இல்லாவிட்டால் 200-ஆலும் வகுக்க வேண்டும். எல்லாவற்றையும் 100-ஆல் வகுத்தால் சிலரின் எடை இரட்டிப்பாகி, சதவீதமே தவறிவிடும்.

சோதனை எல்லாம் சரி, வித்தியாசமும் முக்கியம், ஆனால் நம்ப முடியவில்லை

வடிவமைப்பைச் சரியாகச் சொல்லியாயிற்று, எடையில் பூதம் இல்லை, பி-மதிப்பு 0.003. சின்னமுட்டத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் மாத வருமானம் குளச்சலில் இருப்பதில் பாதிகூட இல்லை என்று வருகிறது. ஊர் தெரிந்தவர் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

பேட்டி எடுத்த தேதியைப் பாருங்கள். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலத்தில் வருகிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதத்தில் ‘கடந்த 30 நாள் வருமானம்’ என்று கேட்டிருந்தால் ஒரு துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், இன்னொன்றில் ஓடிக்கொண்டிருக்கும். வித்தியாசம் நிஜம்தான், ஆனால் அது நாள்காட்டியின் வித்தியாசம். இதை எந்த எடையும் திருத்தாது, எந்தச் சோதனையும் பிடிக்காது. ரப்பரிலும் இதே கதை உண்டு: மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் பால்வெட்டு ஓய்ந்திருக்கும், மழைக்காலத்தில் விட்டுவிட்டு நடக்கும்.

பேட்டி மாதத்தை ரெக்ரஷனில் ஒரு மாறியாகச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு துறைமுகத்தில் மேயில் மட்டும், மற்றதில் ஆகஸ்டில் மட்டும் கேட்டிருந்தால் குழுவையும் மாதத்தையும் பிரிக்கவே முடியாது, மென்பொருள் ஒரு மாறியைத் தானாகவே தூக்கிவிடும். அப்போது அந்த ஒப்பீட்டை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு கரையிலும் விசைப்படகு ஓடும் ஆகஸ்ட், செப்டம்பரில் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்புங்கள். மறுபடி போக முடியாது என்றால் இரண்டு வருமானத்தையும் தனித்தனியாக, பேட்டி மாதத்தோடு அச்சிடுங்கள், இடையில் பி-மதிப்பு போட வேண்டாம்.